மீனைப் பிடித்தவர் யார்?

திருகோணமலைக்கு வடக்கேயுள்ள கடற்கரையில், உல்லாசப் பயணிகளுக்கென எழுப்பப்பட்ட விடுதி ஒன்றின் முன்மண்டபத்தில் ஒரு நிழற்படம் மாட்டப்பட்டிருக்கின்றது. கறுப்புக் கண்ணாடி அணிந்த கனவான் ஒருவர், தமது உயரத்தையும் விஞ்சிய மயில்மீன் ஒன்றைத் தழுவியபடி சிரிக்கின்றார். படத்தின் கீழே அவருடைய பெயர், மீனின் நிறை, அது பிடிபட்ட திகதி ஆகியன பொன்னிற எழுத்துக்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. படத்தின் வலது ஓரத்தில், மீனின் வாலைத் தாங்கிப் பிடித்திருக்கும் கரிய கை ஒன்று தெரிகின்றது. முழங்கையோடு படம் முடிந்துவிடுகின்றது. அந்தக் கைக்கு உரியவனின் பெயர் படத்தில் இல்லை. அவனை நான் அறிவேன். அவன் என்னிடம் தமிழ் படித்தவன்.

அந்த மீன் பிடிபட்ட நாளில் நானும் அப்படகில் இருந்தேன். ஆகவே, மீனைப் பிடித்தவர் யார் என்ற கேள்விக்குச் சாட்சி சொல்லும் தகுதி எனக்குண்டு. பொன்னெழுத்துக்கள் சொல்வது உண்மையன்று என்பதே எனது சாட்சியம். இது ஒரு விடுதிக்காரரின் சிறு பொய்யாக மட்டும் இருந்திருப்பின், அதனைப் பற்றி எழுதி வாசகரின் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. உலகின் பல கரைகளில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, விதியாகவும் வணிகமாகவும் இலக்கியமாகவும் நிலைபெற்றுவிட்ட பொய் இது. அப்பொய்யில் ஆசிரியர்களாகிய எமக்கும் ஒரு பங்குண்டு. அதனாலேயே எழுதுகின்றேன்.

முதலில் அந்த நாளைச் சொல்லிவிடுகின்றேன்.

பாடசாலைக்கு ஓகஸ்ட் விடுமுறை. ஆழ்கடலில் தூண்டில் போட விரும்பும் பயணிகளை நாள்வாடகைக்கு ஏற்றிச் செல்லும் படகொன்றில் என் மாணவன் வேலை செய்துவந்தான். அன்று அப்படகை அமர்த்தியிருந்தவர் கொழும்பிலுள்ள கம்பனி ஒன்றின் பணிப்பாளர். உடன்வரவிருந்த அவருடைய நண்பர் வராமையால் ஓர் இடம் எஞ்சியிருந்தது. "சேர், ஒருநாளைக்கு வந்து பாருங்கோ. நீங்க கடலைப் பற்றிப் படிப்பிச்சனீங்க, கடலுக்குப் போனதில்லைத்தானே?" என்றான் அவன். அச்சொற்களில் ஏளனம் இருக்கவில்லை. உண்மை இருந்தது.

பணிப்பாளர் காலை ஐந்து மணிக்குப் படகேறினார். என் மாணவனோ மூன்று மணிக்கே வந்து, டீசல் நிரப்பி, பனிக்கட்டி ஏற்றி, தங்கூசி முழுவதையும் விரலாலே தடவிப் பார்த்து, சிராய்ப்புக் கண்ட இடங்களை வெட்டி முடிந்து, தூண்டில்களைத் தீட்டி வைத்திருந்தான். படகைச் செலுத்தியவர் அவனுடைய தாய்மாமன். ஐம்பது வயதைக் கடந்தவர். ஆழம் காட்டும் கருவி படகில் இருந்தது. ஆயினும் அவர் அதனைவிடக் கடற்பறவைகளையே பெரிதும் நம்பினார். திருகோணமலைக் கடலின் அடியிலே ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று குடாவரை நீண்டு கிடக்கின்றது. அதனால், கரையை விட்டுச் சிறிது தூரம் சென்றதுமே ஆழ்கடல் தொடங்கிவிடுகின்றது. அப்பள்ளத்தின் விளிம்பில் நீரின் நிறம் எங்கே மாறுகின்றது, நீரோட்டம் எத்திசையிற் செல்கின்றது, சிறுமீன் கூட்டம் எவ்விடத்திற் கலங்குகின்றது என்பனவெல்லாம் அவருடைய கண்ணுக்குள் இருந்தன. அவை அவருடைய தந்தையும் பாட்டனும் கடலில் உழைத்துச் சேர்த்துக் கொடுத்த அறிவு. எந்தக் கலாசாலையும் அவ்வறிவுக்குப் பட்டம் வழங்கியதில்லை.

முற்பகலின் பெரும்பகுதி வெறுமையாகக் கழிந்தது. படகின் பின்னே நான்கு நூல்களிற் போலி இரைகள் துள்ளிக்கொண்டு வந்தன. பணிப்பாளர் சிறிது உறங்கினார். விழித்தபோது தாம் கொண்டுவந்த உணவை எல்லோருடனும் பகிர்ந்துகொண்டார். அவர் கெட்டவர் அல்லர் என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும். எங்களுடன் மரியாதையாகவே பேசினார். தனிமனிதரின் நல்ல குணமோ தீய குணமோ இங்கு எமது ஆராய்ச்சிக்குரிய பொருளன்று.

பதினொரு மணியளவில், தூரத்தே பறவைகள் நீரைக் கொத்துவதைக் கண்ட மாமன் படகைத் திருப்பினார். சிறிது நேரத்தில் மயில்மீன் ஒன்று இரையை அடித்தது. என் மாணவன் பாய்ந்து கோலை எடுத்து, நூலைச் சற்று விட்டுக்கொடுத்து, பின்னர் வெட்டியிழுத்துத் தூண்டிலை அதன் தாடையிற் பதித்தான். அதன் பின்னரே கோல் பணிப்பாளரின் கைக்கு மாறியது. அவருடைய இடுப்புப் பட்டியில் அதனைப் பொருத்தியவனும் என் மாணவனே. அடுத்த அரைமணி நேரம் பணிப்பாளர் வியர்வை சிந்தச் சுருளைச் சுற்றினார். அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், மீன் ஓடியபோது படகை அதன் பின்னே செலுத்தியும், அது ஆழத்துக்கு இறங்கியபோது பக்கம் மாற்றியும், இழந்த நூலில் அரைவாசியை மீட்டுக் கொடுத்தவர் மாமன். இறுதியில், மீன் படகை நெருங்கி வாளைப் போன்ற தன் மூக்கை வீசி அடித்தபோது, குனிந்து முனைநூலைக் கையிற் பற்றி, மூக்கைப் பிடித்து, அதனை மேலே ஏற்றியவன் என் மாணவன். நூல் அவனுடைய உள்ளங்கையைக் கிழித்திருந்தது.

கரைக்கு வந்ததும் விடுதி ஊழியர் ஒருவர் படமெடுக்க வந்தார். "தம்பி, கொஞ்சம் விலகி நில்லும்" என்றார். அவன் விலகினான். உடனே மீன் ஒருபுறமாகச் சரிந்தது. ஆகவே வாலைத் தாங்குவதற்கு ஒரு கை மட்டும் தேவைப்பட்டது. படத்தில் விழுந்த அந்தக் கை அவ்வாறு விழுந்ததே. மீன் விடுதியின் சமையற்கட்டுக்குப் போயிற்று. பணிப்பாளர் அவனுக்குக் கைந்நிறையச் சன்மானம் கொடுத்துச் சென்றார். சில வாரங்களின் பின் படம் மண்டபத்தில் ஏறியது.

*

தமிழாசிரியர்கள் வேற்றுமை கற்பிக்கும்போது, மூன்றாம் வேற்றுமையில் இருவகைக் கருத்தாக்கள் உண்டு என்று சொல்லிக்கொடுப்பதை வாசகர் நினைவுகூரலாம். தச்சன் கோயிலைக் கட்டினான் என்றால் அவன் இயற்றுதற் கருத்தா. அரசன் கோயிலைக் கட்டினான் என்றால் அவன் ஏவுதற் கருத்தா. எமது இலக்கணகாரர் இவ்விருவரையும் அறிந்திருந்தனர். ஒருவன் செய்தான், மற்றவன் செய்வித்தான் என்ற வேறுபாட்டை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் வரலாறு எழுதியவர்களும் கல்வெட்டுப் பொறித்தவர்களும் பெரும்பாலும் அரசனையே வைத்துக்கொண்டு தச்சனைக் கைவிட்டனர். விடுதி மண்டபத்தின் பொன்னெழுத்துக்கள் அக்கல்வெட்டு மரபின் இன்றைய வாரிசுகள்.

விளையாட்டுக்காக ஆழ்கடலிற் பெருமீன் பிடிக்கும் வழக்கம் ஆதிமனிதனோடு பிறந்ததன்று. அதற்குப் பிறந்த காலமும் உண்டு. பிறந்த வர்க்கமும் உண்டு. 1898 ஆம் ஆண்டு, கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள சாந்தா கற்றலீனாத் தீவில், சார்ள்ஸ் பிரெடரிக் ஹோல்டர் என்பவர் 183 இறாத்தல் நிறையுள்ள சூரைமீனைக் கோலினாலும் சுருளினாலும் பிடித்தார். அதே ஆண்டில் அவர் முன்னின்று அங்கு ஒரு சூரைக் கழகத்தை நிறுவினார். பொருளும் ஓய்வும் மிகுந்த வர்க்கம் ஒன்று, காட்டிலே துப்பாக்கியோடு தேடிய பெருமையைக் கடலிலே கோலோடு தேடத் தொடங்கிய காலம் அது.

இலங்கையராகிய எமக்கு அந்தக் காட்டு வேட்டையின் வரலாறு புதியதன்று. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு வாழ்ந்த மேஜர் றொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரி ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று பேசப்படுகின்றார். சாமுவேல் பேக்கர் 1850களில் இலங்கை வேட்டையைப் பற்றி நூலெழுதிப் பெயர்பெற்றார். யானையின் தடத்தைக் கண்டு சொன்னவர்களும், காட்டை வெட்டி வழி செய்தவர்களும், துப்பாக்கியையும் தோலையும் சுமந்தவர்களும் இந்நாட்டின் ஏழை மக்கள். அவர்களுடைய பெயர்களை எவர் நினைவில் வைத்திருக்கின்றார்?

காட்டில் இருந்த இவ்வழக்கத்துக்குக் கடலில் விதியும் வகுக்கப்பட்டது. 1939 ஆம் ஆண்டு நியூயோர்க்கிலுள்ள இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையில், மைக்கல் லேணர் என்ற செல்வரின் முயற்சியால், சர்வதேச விளையாட்டுமீன் சங்கம் தோன்றியது. உலக சாதனைகளைப் பதிவதும், எது நேர்மையான பிடிப்பு என்று வரையறுப்பதும் அதன் பணிகளாயின. அவ்விதிகளை ஊன்றிப் படித்தால் வர்க்க சமுதாயத்தின் முழு நியாயமும் அதற்குள் அடங்கியிருப்பதைக் காணலாம். மீனோடு மல்லாடும் வேளையில் கோலையும் சுருளையும் நூலையும் பயணியைத் தவிர வேறெவரும் தொடலாகாது. தொட்டால் சாதனை செல்லாது. ஆனால் முனைநூல் கைக்கெட்டிய தருணத்திலிருந்து உதவியாளர்கள் அதனைப் பற்றி இழுக்கலாம். ஒருவரோ பலரோ கொக்கித்தடியால் மீனைக் கொழுவி ஏற்றலாம். படகை மீனின் போக்குக்கேற்ப ஓட்டுவதற்கும் தடையில்லை. முனைநூல் கையிற் சுற்றிக்கொண்டால் மனிதனையே கடலுக்குள் இழுத்துவிடும். அந்த ஆபத்தான கடைசிக் கணம் கூலியாளனுக்கு உரியது. சாதனைப் பட்டியலில் எழுதப்படும் பெயரோ கோல் பிடித்தவருடையது.

இவ்விதிகளை எழுதியவர்கள் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. விளையாட்டு நேர்மையாக நடக்கவேண்டும் என்றே அவர்கள் விரும்பியிருப்பர். ஆனால் அவர்களுடைய நேர்மை, கோல் பிடித்த ஒரு கனவானுக்கும் கோல் பிடித்த இன்னொரு கனவானுக்கும் இடையிலான நேர்மை. படகோட்டி அந்நேர்மையின் எல்லைக்கு வெளியே நிற்கின்றான். அவன் படகின் எஞ்சினைப் போலவும் தூண்டிலைப் போலவும் ஒரு சாதனமாகக் கணிக்கப்படுகின்றான். எஞ்சினுக்கு எவரும் பரிசு கொடுப்பதில்லையன்றோ?

1953 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4 ஆம் திகதி, பெரு நாட்டின் காபோ பிளாங்கோக் கடலில், அல்பிரெட் கிளாசல் என்ற அமெரிக்க எண்ணெய்ச் செல்வந்தர் 1,560 இறாத்தல் நிறையுள்ள கறுப்பு மார்லின் மீனைப் பிடித்தார். எலும்புமீன் இனங்களிற் கோலாற் பிடிபட்ட மாபெரும் மீன்களுள் ஒன்று அது; எழுபது ஆண்டுகள் கடந்தும் அந்தச் சாதனை அவருடைய பெயரிலேயே நிற்கின்றது. செல்வந்தரின் கழகம் ஒன்று அக்கரையில் அக்காலத்திற் செழித்தது. அதே கரையில் அன்றாடப் பசிக்காகப் படகேறிய பெரு நாட்டு மீனவர் எத்தனை பேர்! அவர்களும் பெருமீன்களைக் கண்டவர்களே, கையாற் பிடித்தவர்களே. அவர்கள் பிடித்தது தொழில். கிளாசல் பிடித்தது சாதனை. ஒரே செயல், செய்பவனின் வர்க்கத்தைப் பொறுத்து இருவேறு பெயர் பெறுகின்றது.

*

இனி, எமது துறையாகிய இலக்கியத்துக்கு வருவோம். ஆழ்கடலும் பெருமீனும் என்றவுடன் படித்தவர் நாவில் வருவது ஏர்ணஸ்ட் ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்'. 1952 இல் வெளியான அந்நாவலையும், 1954 இல் ஆசிரியருக்குக் கிடைத்த நோபல் பரிசையும் அறியாத இலக்கிய மாணவர் சிலரே. ஹெமிங்வே ஆழ்கடல் விளையாட்டில் ஊறியவர். 1934 இல் 'பிலார்' என்ற படகைச் செய்வித்துக் கியூபாவின் கடலில் ஓடியவர். மேலே சொன்ன சர்வதேசச் சங்கத்தின் துணைத்தலைவர்களுள் ஒருவராக இருந்தவர். அவருடைய படகையும் பல ஆண்டுகள் நடத்தியவர் கொஹீமார் என்ற மீனவர் ஊரில் வாழ்ந்த கிரெகோரியோ புவெந்தஸ். ஆகவே, விளையாட்டுக்காரரின் பக்கத்தில் நின்று எழுதுவதற்கு ஹெமிங்வேக்கு எல்லா வசதியும் இருந்தது.

ஆனால் தமது மிகச் சிறந்த கடற்கதையை எழுத அமர்ந்தபோது அவர் தம்மைப் போன்ற ஒருவரைக் கதாநாயகனாக்கவில்லை. 84 நாட்கள் மீனின்றித் திரும்பிய, மாச்சாக்கினால் ஒட்டுப்போட்ட பாயையுடைய, ஓர் ஏழைத் தொழிலாளியையே தெரிந்தெடுத்தார். அக்கதையின் வித்து 1936 இலேயே அவருடைய கட்டுரை ஒன்றில் இருக்கின்றது. பெருமீனைப் பிடித்துச் சுறாக்களுக்கு இழந்து, படகில் அழுதுகொண்டிருந்த நிலையில் மற்ற மீனவராற் காப்பாற்றப்பட்ட கியூபக் கிழவர் ஒருவரைப் பற்றி அதிலே எழுதியிருந்தார். உண்மையான போராட்டம் எந்தப் படகில் நடந்தது என்பதைக் கலைஞரின் கண் கண்டுகொண்டது. விளையாட்டுக்காரர் ஹெமிங்வேயை எழுத்தாளர் ஹெமிங்வே தோற்கடித்த இடம் அது.

நாம் அந்நாவலை எவ்வாறு கற்பிக்கின்றோம்? மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான நித்தியப் போராட்டம் என்கின்றோம். தோல்வியிலும் துவளாத மனித ஆன்மா என்கின்றோம். இவை முற்றிலும் பிழையல்ல. ஆனால், மீனைப் படகோடு கட்டிய கிழவன் முதலிற் செய்யும் காரியங்களுள் ஒன்று கணக்குப் போடுவது என்பதை எத்தனை ஆசிரியர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்? இறைச்சி இத்தனை இறாத்தல், இறாத்தல் முப்பது சதம் என்று அவன் மனக்கணக்குப் பார்க்கின்றான். அந்த முப்பது சதத்தை அழித்துவிட்டால் அவன் தொழிலாளி அல்லன், வெறும் 'மனிதன்'. முப்பது சதத்தை அழிப்பதுதான் எமது வகுப்பறைத் திறனாய்வின் வேலையாக இருந்துவருகின்றது.

நாவலின் இறுதியில் இன்னுமொரு காட்சி உண்டு. கரையில் மிதக்கும் மீனின் நீண்ட முள்ளைக் கண்ட உல்லாசப் பயணிகளுக்கு அது என்னவென்று புரிவதில்லை. பரிசாரகன் அரைகுறை ஆங்கிலத்தில் நடந்ததை விளக்க முயல, அது சுறாவின் எலும்பு என்று எண்ணிக்கொண்டு அதன் அழகை வியக்கின்றனர். ஊர் மீனவரோ அந்த முள்ளை அளந்து பார்த்து மௌனமாகத் தலைவணங்குபவர்களைப் போல நிற்கின்றனர். உழைப்பை அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் உள்ள வேறுபாட்டை இதனைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. ஹெமிங்வே 1961 இல் இறந்தபின், கொஹீமார் மீனவர்கள் தம் படகுகளிலிருந்த பித்தளை உறுப்புக்களைக் கழற்றிக் கொடுத்து அவருக்குச் சிலை வார்ப்பித்தனர். தங்களை ஒருவன் பெயரோடும் முகத்தோடும் எழுதினான் என்றால், உழைக்கும் மக்கள் தம் படகின் உலோகத்தையே கொடுப்பர். எழுத்தாளர்களே, ஆசிரியர்களே, இதனைச் சிந்தியுங்கள்.

*

என் வாதத்துக்கு மூன்று மறுப்புக்கள் எழக்கூடும். முதலாவது மறுப்பு, மீனினத்தின் பெயரால் வருவது. விளையாட்டுக்காரர் பிடிப்பது சில மீன். அவற்றிலும் பலவற்றை உயிரோடு விட்டுவிடுகின்றனர். கடலை வெறுமையாக்குபவை பெருங்கம்பனிகளின் கப்பல்கள் என்பர். இது உண்மை. மீனை உயிரோடு விடும் வழக்கம் பரவுவது நல்லது. ஆனால் நான் மீனுக்காக வழக்காட வரவில்லை. மீனை விடுதலை செய்யும் படகிலும் மனிதனின் பெயர் சிறைப்பட்டே கிடக்கின்றது.

இரண்டாவது மறுப்பு, ஓய்வின் பெயரால் வருவது. உழைத்துக் களைத்தவர் ஒருநாள் கடலுக்குப் போவதும் குற்றமா என்று கேட்பர். குற்றமன்று. எல்லோருக்கும் அத்தகைய நாள் வாய்க்கவேண்டும் என்பதே எமது விருப்பம். தேயிலை கொய்யும் பெண்ணுக்கும், பாடசாலை ஆசிரியனுக்கும், ஏன், அந்தப் படகோட்டிக்கும் பிறர் செலுத்தும் படகில் ஓய்ந்திருக்கும் ஒருநாள் வேண்டும். ஒருவருடைய ஓய்வுக்கு மற்றவருடைய முகம் விலையாகக் கொடுக்கப்படுவதையே நாம் எதிர்க்கின்றோம்.

மூன்றாவது மறுப்பே கனமானது. அதனைச் சொன்னவன் என் மாணவன். "சேர், வலைக்குப் போனா கடன், இதுக்குப் போனா காசு" என்றான். ஒரே வரியில் அவன் சொன்னதை எந்தப் பொருளியல் நூலாலும் மறுக்க இயலாது. 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. சிறு வள்ளங்களின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. அவ்வாண்டில் அவனுடைய தந்தை வள்ளத்தைக் கரையில் ஏற்றினார், பின்னர் விற்றார். அக்கடனை அடைப்பதற்கே மகன் வாடகைப் படகுக்குப் போனான். அவனை அதிலிருந்து விலகும்படி சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கின்றது? மாதச் சம்பளம் வாங்கும் ஒருவன், பசித்தவனுக்குத் தன்மானம் போதிப்பது எளிது.

ஆனால் 'உல்லாசப் பயணத்துறை மீனவருக்கு வாழ்வளிக்கின்றது' என்று மேடைகளிற் பேசுபவர்களை ஒரு கேள்வி கேட்கலாம். அந்த வாழ்வை முதலில் அவனிடமிருந்து எடுத்தது யார்? போர்க்காலத்தில் இக்கடல் பல ஆண்டுகள் தடைகளுக்கும் அனுமதிச் சீட்டுக்களுக்கும் உட்பட்டிருந்தது. 2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலை இந்நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை விழுங்கியது. அடுத்த ஆண்டு, மக்களின் பாதுகாப்புக்கென்று கூறி, வடக்குக் கிழக்கிற் கடலிலிருந்து 200 மீற்றர் வரையும் தெற்கு மேற்கில் 100 மீற்றர் வரையும் வீடு கட்டுவது தடுக்கப்பட்டது. உல்லாச விடுதிகளுக்கோ அத்தடையில் விலக்கு அளிக்கப்பட்டது. அலைக்கு மீனவன் வீடு எது, விடுதி எது என்று தெரியுமா? பின்னர் எல்லை தளர்த்தப்பட்டது. அதற்குள் பலர் உள்நாட்டுக் குடியிருப்புக்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். என் மாணவனின் குடும்பமும் அவ்வாறு பெயர்ந்ததே. 2009 இல் போர் முடிந்தபின், பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாக எழுந்தபோது, தலைமுறை தலைமுறையாக வள்ளம் ஏற்றிய இடத்தை விட்டு மீனவர் ஒதுக்கப்பட்டனர். கரையை எடுத்துக்கொண்டு, எடுத்த கரையில் அவனுக்கே கூலிவேலை கொடுத்து, அதனை வாழ்வளித்தல் என்று பெயரிடுகின்றோம்.

அந்தக் கூலிவேலையும் எத்தகையது? வாடைக்காற்றுத் தொடங்கினால் படகு கரையேறும், கூலி நின்றுவிடும். என் மாணவனிடம் வேலை ஒப்பந்தம் இல்லை. விபத்துக் காப்புறுதி இல்லை. கிழிந்த உள்ளங்கைக்கு மருந்து வாங்கியது அன்றைய சன்மானத்தில். சன்மானம் என்பது உரிமையன்று, கொடுப்பவரின் மனநிலை. படகு அவனுடையதன்று. மாமனுடையதுமன்று. அது கரையில் இருந்து கணக்குப் பார்க்கும் ஒரு முதலாளியுடையது. அக்காலத்துச் சம்மாட்டிக்காவது கடல் தெரிந்திருந்தது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எமது நாட்டுக்குப் புதியனவல்ல. பயணிகளை ஏற்றும் படகுகளை அச்சங்கங்களே சொந்தமாக வைத்து நடத்தலாம். கடலைப் பற்றிய அறிவு அவர்களுடையது, படகும் அவர்களுடையதாகட்டும். வேலை செய்பவனுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தமும் காப்புறுதியும் கட்டாயமாகட்டும். வள்ளம் ஏற்றும் கரை எந்த விடுதிக்கும் கொடுபடாத பொதுச் சொத்தாக இருக்கட்டும். மீனோடு படமெடுத்தால் படகிலிருந்த எல்லோரும் படத்தில் நிற்கட்டும். எல்லோர் பெயரும் எழுதப்படட்டும். கடைசிக் கோரிக்கை சிறியதாகத் தோன்றலாம். பெயரற்றவனாக ஆக்கப்பட்ட ஒருவனிடம் ஏனைய மூன்றையும் பறிப்பது எளிது என்பதை மறந்துவிடலாகாது.

*

ஆசிரியர்களுக்கும் இப்பொய்யிற் பங்குண்டு என்றேன். அதனையும் சொல்லி முடிக்கின்றேன். பிறரைச் சாடுபவன் தன் குற்றத்தை மறைத்தல் ஆகாது.

அன்று மாலை, கரையில் வலைகளுக்கருகே அமர்ந்திருந்தபோது, என் மாணவன் தயக்கத்தோடு ஒரு பழைய சம்பவத்தை நினைவூட்டினான். பத்தாம் வகுப்பில் நான் 'கடற்கரையில் ஒரு நாள்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஏனைய மாணவர் செவ்வானத்தையும், தாலாட்டும் அலையையும், மணல்வீடு கட்டும் சிறுவரையும் எழுதினர். அவர்களுட் பலர் கடலோரத்தில் வாழ்ந்தும், கட்டுரை நூலில் உள்ள கடலையே எழுதினர். இவன் மட்டும் தன் தந்தையின் ஒரு நாளை எழுதினான். வெள்ளாப்பில் வாடியிலிருந்து புறப்பட்டது, கச்சான் காற்றில் வள்ளத்தின் அணியம் எழுந்தது, கரைவலையின் மடி கிழிந்தது, சம்மாட்டி பங்கு பிரித்தது, வெறும் கூடையோடு தந்தை வீடு வந்தது எல்லாவற்றையும் எழுதியிருந்தான். நான் வாடி, அணியம், மடி, சம்மாட்டி என்ற சொற்களைச் சிவப்பு மையினாற் சுற்றி, 'கொச்சை. நூல்வழக்கு எழுதுக' என்று குறித்து, குறைந்த புள்ளி இட்டேன். தலைப்புக்குப் பொருந்தவில்லை என்றும் எழுதினேனாம்.

"அதுக்குப் பிறகு நான் அப்பாவைப் பற்றி எழுதேல்ல சேர்" என்று சிரித்தான்.

1960களில் எமது நாட்டிலே நிகழ்ந்த மரபுப் போராட்டத்தைப் பல்கலைக்கழகத்திற் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். உழைக்கும் மக்களின் பேச்சு இழிசனர் வழக்கு என்று பண்டிதர் சிலர் ஒதுக்கியதையும், முற்போக்கு எழுத்தாளர் அதனை எதிர்த்து நின்றதையும் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்தவன். முற்போக்காளர் பக்கமே நியாயம் என்று அன்று முடிவுரை எழுதினேன். ஆனால் வகுப்பறையில், ஒரு மீனவனின் மகன் முன்னே, சிவப்பு மையோடு நான் பண்டிதராகவே நின்றேன். விடுதி ஊழியர் "விலகி நில்லும்" என்று அவனிடம் சொல்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அவனை விலகி நிற்கச் சொன்னவன் நான். அவர் அவனைப் படத்திலிருந்து விலக்கினார். நான் அவனை மொழியிலிருந்து விலக்கினேன். இரண்டாவது வேலையைப் பாடசாலை செம்மையாகச் செய்துமுடித்தால், முதலாவது வேலை எளிதாகிவிடுகின்றது. தன் தந்தையின் நாள் எழுதத் தகாதது என்று கற்றுக்கொண்டவன், தன் முகம் படத்தில் இல்லாமையை முறையிடமாட்டான். அவன் முறையிடவில்லை. "கைதானே விழுந்திருக்கு சேர், அதுவும் போதும்" என்றான்.

அது போதாது.

அடுத்த தவணையில் நான் அதே தலைப்பைக் கொடுக்கப்போகின்றேன். கடலோரப் பாடசாலைகளிற் கற்பிக்கும் நண்பர்களும் கொடுத்துப் பார்க்கவேண்டும். கட்டுரை நூல்களை மூடிவைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தக் காற்று வீசியது, என்ன பிடிபட்டது, அதனை எவர் எவ்விலைக்கு வாங்கினார், கையில் எவ்வளவு மிஞ்சியது என்று எழுதச் சொல்லுங்கள். மடியும் வாடியும் அணியமும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அச்சொற்களுக்குப் பொருள் தெரியாத ஆசிரியன் மாணவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் இழுக்கில்லை.

விடுதி மண்டபத்தின் பொன்னெழுத்துக்களை அழிக்கும் அதிகாரம் எம்மிடம் இல்லை. சிவப்பு மை எம்மிடம் இருக்கின்றது. அதனை எந்தப் பொய்யின் மீது ஓட்டுவது என்பதையாவது நாம் தீர்மானிக்கலாம்.